பேச்சு தள்ளிப்போகும் குழந்தை: சேலத்தில் காது பரிசோதனையிலிருந்து குளியலறை வரை

இரண்டு வயதை நெருங்கியும் குழந்தை பேசவில்லை என்றால் சேலம் பக்கம் முதலில் கிடைக்கும் பதில், "ஆம்பளப் பையன் மெதுவாத்தான் பேசுவான், அவங்கப்பனும் அப்படித்தான்." அடுத்த பதில், நாக்கில் வசம்பு தேய்ப்பது. இந்த இரண்டுக்கும் பிறகுதான் பலரும் மருத்துவமனைப் பக்கம் போகிறார்கள். அதற்குள் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடிவிடுகிறது. இந்தப் பாதையை முழுசாகக் கடந்து வந்தவர்கள் என்ற முறையில், எங்கே நேரம் வீணாகும், எது பலன் தரும் என்று வரிசையாக எழுதுகிறோம்.

எப்போது கிளம்ப வேண்டும்? 12 மாதத்தில் மழலைச் சத்தமும் இல்லை, விரல் நீட்டுவது, டாட்டா காட்டுவது போன்ற சைகையும் இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. 24 மாதத்தில் "அம்மா வா", "தண்ணி இல்ல" என்று இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் காட்டிவிட வேண்டும். வந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதானாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். பெண் குழந்தைகள் சராசரியாகக் கொஞ்சம் முந்துவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி ஒன்றிரண்டு மாதக் கணக்கு, வருடக் கணக்கு இல்லை.

போகும் முன் ஒரு நோட்டில் சொல் பட்டியல் எழுதுங்கள். சொல், எந்த நேரத்தில் சொன்னது, எதைக் குறித்தது, அவ்வளவு போதும். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. "தண்ணி"க்கு எப்போதும் "ண்ணீ" என்றே வந்தால் அது ஒரு சொல். காக்காவைப் பார்த்து "கா கா" என்றாலும் சொல்தான், "மம்மு", "வேணாம்" எல்லாமே கணக்கில் வரும். நாம் சொல்லச் சொல்லித் திருப்பிச் சொன்னதும், டிவி விளம்பரத்தோடு சேர்ந்து முனகியதும் வராது. சேலத்தின் குகை, அம்மாப்பேட்டை பகுதிகளில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகளில் எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். தமிழ்ச் சொல்லை மட்டும் எண்ணி "இருபதுதான்" என்று பயப்படும் வீடுகளில் உண்மைக் கணக்கு நாற்பது இருக்கும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. யாராவது "ஒரே மொழியில பேசுங்க, இங்கிலீஷ்ல பேசுங்க" என்றால் தலையாட்டிவிட்டு, உங்களுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே தொடருங்கள்.

பேச்சைவிட முக்கியம், புரிகிறதா என்பது. "சொல்றதெல்லாம் புரியும், பேச்சுதான் வரல" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி நேரம் குழந்தை படிப்பது நம் கையையும் கண்ணையும்தான். செருப்பைப் பார்த்துக்கொண்டே "செருப்பு எடுத்துட்டு வா" என்றால் அது கண்ணைத் தொடர்ந்து போய் எடுத்துவந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு, குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து, வேறு வேலை நடக்காத நேரத்தில் கேட்டுப் பாருங்கள். அப்போதும் எடுத்து வந்தால் நல்ல செய்தி. வானத்தில் விமானத்தைப் பார்த்து விரல் நீட்டி, உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பிஸ்கட்டுக்காக நீட்டுவது வேறு. "பாரேன்" என்று பகிர்ந்துகொள்ள நீட்டும் விரலைத்தான் மருத்துவர் முதலில் விசாரிப்பார்.

காது பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. "குக்கர் விசிலுக்குத் திரும்புறான், காது நல்லாத்தான் இருக்கு" என்ற வாதம் செல்லாது. கீச்சென்ற உயர் சுருதி ஒலி மட்டும் குறைவாகக் கேட்கும் குழந்தை நாய் குரைப்பதையும் லாரி ஹாரனையும் கேட்கும். பேச்சில் வரும் "ச", "த" போன்றவை மட்டும் அதற்கு எட்டாது. முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்ப்பதிலும் அதிர்வும் நிழலும் குழந்தையைத் திருப்பிவிடும். ஏற்காடு, நாகலூர் பக்கம் குளிர் மாதங்களில் அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கலாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஆனால் பேச்சு மட்டும் மங்கலாகக் கேட்கும்.

அரசு வழியில் போக, 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. மருத்துவக் குழு ஆண்டுக்கு 2 முறை அங்கன்வாடிக்கு வரும். சந்தேகம் இருந்தால் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கவனிக்கும் மாவட்ட மையமான டி.இ.ஐ.சி.க்கு எழுதித் தருவார்கள். குழு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நேராகவே காட்டலாம். கையில் வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், காப்பீட்டு அட்டை. பிறந்ததும் அழுததா, எடை எவ்வளவு, மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா, இன்குபேட்டரில் எத்தனை நாள் என்பதை நிச்சயம் கேட்பார்கள். வீட்டில் இயல்பாக விளையாடும்போது எடுத்த 2 நிமிட வீடியோ போனில் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஓ.பி.யில் குழந்தை வாயே திறக்காது.

ஏற்காடு மலையிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. காதுக்குள் சின்னக் கருவி வைத்து எடுக்கும் ஓ.ஏ.இ. சோதனைக்குக் குழந்தை அமைதியாக இருக்க வேண்டும், ஒலிக்கு மூளை தரும் பதிலை ஒயர் ஒட்டிப் பார்க்கும் பெரா சோதனைக்குத் தூங்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் சுகமாகத் தூங்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் கண்ணை அகல விழித்துக்கொண்டு ஓடும் குழந்தைக்குப் பெரா எடுக்க முடியாது. முந்தைய இரவு தாமதமாகத் தூங்கவைத்து, விடிகாலையில் எழுப்பி, பஸ்ஸில் எப்படியாவது விழித்திருக்க வையுங்கள். தூக்க மருந்து தேவைப்பட்டால் எடை பார்த்து அங்கேதான் கொடுப்பார்கள், வீட்டிலிருந்து எதையும் கொடுத்துக்கொண்டு போகக் கூடாது. எவ்வளவு நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்துவது என்று தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், நெற்றியில் மை வேண்டாம். ஒயர்களை நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுவார்கள், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டாது. காதுக்குள் எண்ணெய் விடும் வழக்கம் எந்த நாளிலும் வேண்டாம்.

ஓ.ஏ.இ.யில் "ரெஃபர்" (மேற்கொண்டு சோதிக்க வேண்டும்) என்று வந்தால் காது கேட்காது என்று அர்த்தமில்லை. அழுக்கு அடைத்திருந்தாலும், நடுக்காதில் நீர் இருந்தாலும், அறையில் சத்தம் இருந்தாலும் அப்படித்தான் வரும். அதனால்தான் நடுக்காதைப் பார்க்கத் தனிச் சோதனை செய்கிறார்கள். நீர் தேங்கியிருந்தால் பெரும்பாலும் 3 மாதம் பொறுத்து மறுபடி பார்ப்பார்கள். பெரா அறிக்கையில், மூளையின் பதிலைக் காட்டும் 5ஆம் அலை இரு காதிலும் 30 டெசிபெல் என்ற மெல்லிய ஒலி வரை தெரிகிறது என்று இருந்தால் கேட்பதில் பெரிய தடையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். குறை உறுதியானால் காது கேட்கும் கருவியை உடனே மாட்டுவதுதான் முக்கியம். கடுமையான குறை உள்ள 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு.

காது சரி என்றால் அடுத்து ஆட்டிசம் இருக்கலாமா என்று பார்க்கும் எம்-சாட்: 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான 20 ஆம்/இல்லை கேள்விகள். 0–2 வந்தால் ஆபத்து குறைவு, 3–7 வந்தால் தொடர்கேள்விகள், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக முழு மதிப்பீடு. இது சல்லடை மட்டும்தான், நோயின் பெயர் சொல்லும் சோதனை இல்லை. "எப்போதாவது செய்திருக்கிறான்" என்பதற்கெல்லாம் "ஆம்" போட்டால் சல்லடையில் ஓட்டை விழும். வழக்கமாகச் செய்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

தனியார் பேச்சுப் பயிற்சி மையத்துக்குப் போகிறவர்கள் பயிற்சியாளரின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம். பெற்றோரை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தும் மையம் எங்களுக்குச் சரிப்படாது. வாரத்துக்கு முக்கால் மணி நேரம் அங்கே, மீதி நேரமெல்லாம் வீட்டில். வீட்டில் செய்ய வேண்டியதை நீங்கள் அவர் முன்னால் செய்து காட்டி, அவர் திருத்த வேண்டும்.

இனி வீடு. முதலில் சத்தத்தைக் குறையுங்கள். யாரும் பார்க்காமல் ஓடும் டிவியை அணைப்பது செலவில்லாத வைத்தியம். 2 வயதுக்குள் வீடியோ கால் தவிர வேறு திரை வேண்டாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், அதன் பிறகு 5 வயதுவரை ஒரு மணி நேரத்துக்குள். விசைத்தறி ஓடும் வீடுகளில் குழந்தைக்கு நம் பேச்சு தறிச் சத்தத்துக்கு அடியில் புதைந்துதான் போகும். முன்கட்டில் தறி ஓடினால் பேசும் நேரத்தைப் பின்கட்டுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் பாவு பிணைக்கத் தறி நிற்கும்போதும் கரண்ட் போனபோதும் பிடித்துக்கொள்ளுங்கள். கை எட்டும் தூரத்தில், முகத்துக்கு முகம், தரையில் உட்கார்ந்து பேச வேண்டும். அடுப்படியிலிருந்து கத்துவதெல்லாம் கணக்கில் சேராது.

அடுத்தது கேள்விகளைக் குறைப்பது. "இது என்ன? அது என்ன? சொல்லு கண்ணு, சொல்லு சாமி" என்று நாள் முழுக்க நடக்கும் பரீட்சையில் குழந்தைக்குக் கிடைக்கும் புதுச் சொல் ஒன்றுமில்லை. ஒரு கேள்விக்கு மூன்று நான்கு சாதாரண வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பார்ப்பதைப் பற்றி நீங்கள் சொன்னால் போதும்: "கொரங்கு வந்துருச்சு. ஏறுது, ஏறுது. தாவிருச்சு!" தமிழில் குழந்தைக்குத் தினமும் கைகொடுப்பவை வா, போ, தா, எடு, போடு போன்ற வினைகள். சுவரில் ஒட்டிய காய்கறிப் படத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் பெயர்ச்சொல் பட்டியல்தான் மிஞ்சும். நிறமும் எண்ணும் ஏபிசிடியும் ஒப்பிக்கிற, ஆனால் தாகத்துக்குத் தண்ணி கேட்கத் தெரியாத குழந்தைகள் நிறைய.

குளியல் நேரம் இதற்கெல்லாம் அருமையான இடம். சொம்பை வாளியில் மொண்டு தலைக்கு மேலே தூக்கி, "ஊத்தட்டுமா... ஊத்து!" மூன்று நான்கு தடவை இதே சொல், இதே ராகம். அடுத்த தடவை சொம்பு மேலே போனதும் "ஊ..." என்று நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு முகத்தைப் பாருங்கள். மனதுக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். காலை உதைக்கலாம், சொம்பைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கலாம், "ஊ" என்று வரலாம். எது வந்தாலும் "ஊத்து!" என்று சொல்லிக்கொண்டே உடனே ஊற்றிவிட வேண்டும். சரியாகச் சொன்னால்தான் ஊற்றுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் விளையாட்டு கெட்டுப்போகும். பத்து எண்ணுவது பெரியவர்களுக்கு யுகமாக இருக்கும். பெரும்பாலும் நாலாவது எண்ணிலேயே பக்கத்திலிருந்து யாராவது "ஊத்துன்னு சொல்லு தங்கம்" என்று உள்ளே புகுந்துவிடுவார்கள்.

தட்டுவடையையோ மாம்பழத் துண்டையோ மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் இதே வகைதான். திறக்க முடியாமல் உங்களிடம் நீட்டும். "தெற" என்று சொல்லித் திறங்கள், ஒரு சின்னத் துண்டு மட்டும் கொடுங்கள், மறுபடி நீட்டட்டும். பசித்து அழும்போது இதைச் செய்யவே கூடாது. சோற்றைக் காட்டிப் பேச்சை வாங்கும் வீட்டில் குழந்தைக்குச் சாப்பாடும் பிடிக்காமல் போகும்.

குழந்தை ஒரு சொல் சொன்னால் அதோடு ஒன்று சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். "பஸ்" என்றால் "பஸ் போகுது". "பஸ் போது" என்றால் "ஆமா, பெரிய பஸ் போகுது". "தோயி" என்றால் "கோழி! கோழி ஓடுது" என்று சரியான ஒலியைக் கேட்கவைத்தால் போதும், "தோயி இல்ல, கோழி சொல்லு" வேண்டாம். ர, ற, ழ எல்லாம் வர இன்னும் வருடங்கள் ஆகும்.

வீட்டில் ஆயா (பாட்டி) இருந்தால் அவரிடம் சண்டை போடாதீர்கள். குரலை உயர்த்தி, உயிரெழுத்தை இழுத்து, ராகமாகப் பேசும் அவர் பழக்கம் குழந்தையின் காதைப் பிடித்து நிறுத்தும். ஒரே சிக்கல், கை நீட்டும் முன்பே எல்லாம் கையில் வந்துவிடுவது. "நீங்க கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நிறுத்திப் பாருங்க, அவன் என்ன பண்றான்னு எனக்குச் சொல்லுங்க" என்று வேலையாகக் கொடுத்தால் அவரே சொல் பட்டியலுக்கும் பொறுப்பாகிவிடுவார். வசம்பை நாக்கில் தேய்ப்பதை மட்டும் உறுதியாக மறுக்க வேண்டும். அதில் உள்ள அசரோன் உடலுக்கு ஏற்றதில்லை, பேச்சுக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை. "நாக்கு ஒட்டியிருக்கு, அறுத்துவிட்டா பேசிடுவான்" என்பதும் அப்படித்தான். நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிப்பதிலும் சில ஒலிகளிலும் சிரமம் வரலாம், சொற்கள் வராமல் போகாது.

காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் முழுக் கவனத்தோடு உட்கார்ந்தால் போதும், மீதியைக் குளியலும் சாப்பாடும் உடை மாற்றுவதும் பார்த்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு நாலைந்து சொல்லை மட்டும் குறிவைத்து, அவற்றையே வெவ்வேறு இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பட்டியலை மாதம் ஒருமுறை எண்ணுங்கள், தினமும் எண்ணினால் மனசுதான் ஒடியும். முதலில் கூடுவது சொற்கள் இல்லை: முகத்தைப் பார்ப்பது, கையைப் பிடித்து இழுப்பது, தலையாட்டுவது. அதையும் நோட்டில் ஏற்றுங்கள். 3 மாதத்தில் இவற்றிலும் அசைவில்லை என்றால் அதே நோட்டோடு மறுபடி பயிற்சியாளரிடம் போய், இலக்கை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.