எம்எம் என்று முடிந்த லொக்கேட்டர்கள்

எனது ஹாம் (பொழுதுபோக்கு) வானொலித் தொடர்புகளுக்கான பதிவேட்டு மென்பொருளை நானே எழுதிப் பராமரித்து வருகிறேன். அண்மையில் பழைய தொடர்புகளை வரைபடத்தில் இட்டுப் பார்த்தபோது, ஆறு இட லொக்கேட்டர் (இருப்பிடத்தைச் சுட்டும் எழுத்து-எண் குறியீடு) கொண்ட நிலையங்களில் பெரும்பாலானவை ‘எம்எம்’ என்றே முடிந்திருந்தன. அத்தனை பேரும் தத்தம் கட்டத்தின் ஒரே பகுதியிலிருந்து ஒலிபரப்ப வாய்ப்பே இல்லை. தேடியதில், பிழை என் நிரலில்தான் இருந்தது.

உலகைக் கட்டங்களாகப் பிரித்து இந்தக் குறியீட்டைத் தரும் மெய்டன்ஹெட் முறையில் நான்கு இடக் குறியீடு என்பது தீர்க்கரேகையில் 2 பாகையும் அட்சரேகையில் 1 பாகையும் கொண்ட ஒரு கட்டம். எஃப்டி8 என்ற டிஜிட்டல் தொடர்பு முறையில் வழக்கமான அழைப்போடு வருவது அவ்வளவுதான். உலகம் முழுவதற்குமான 32,400 கட்டங்கள் 15 பிட்டுகளில் அடங்கிவிடுகின்றன, அதற்கு மேல் நுணுக்கமாகச் சொல்ல அந்தச் செய்தியில் இடமில்லை. ஜேஓ22 என்று ஒரு நிலையம் அனுப்பினால், என் நிரல் அக்கட்டத்தின் நடுப்புள்ளியைக் கணக்கிட்டு, வடக்கு 52 பாகை 30 நிமிடம், கிழக்கு 5 பாகை என்று சேமித்தது. பின்பு ஏற்றுமதியின்போது அதே புள்ளியிலிருந்து ஆறு இடக் குறியீட்டைத் தயாரித்தது. கட்டம் 24-க்கு 24 உட்கட்டங்களாகப் பிரிவதால், நடுப்புள்ளி இரு திசையிலும் பதின்மூன்றாவது உட்கட்டத்தின் தொடக்கத்தில் விழுந்து, பதின்மூன்றாவது எழுத்தான எம் இருமுறை சேர்ந்து, ஜேஓ22எம்எம் ஆகிவிட்டது.

அந்த நிலையம் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக என் பதிவேடு எழுதிவைத்திருக்கிறது என்பதுதான் என்னை உறுத்தியது. பதிவேடுகளைப் பரிமாறிக்கொள்ளும் ஏடிஐஎஃப் கோப்பில் அட்சரேகையின் நிமிடம் மூன்று தசம இடங்களோடு எழுதப்படுகிறது. கடைசி இலக்கத்தின் மதிப்பு இரண்டு மீட்டருக்கும் குறைவு. உண்மையான ஆன்டெனாவோ அந்தப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 88 கிலோமீட்டர் வரை தள்ளி இருக்கலாம். நிலநடுக்கோட்டருகே என்றால் 124 கிலோமீட்டர் வரை.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலையத்தை நோக்கி யாகி என்ற திசை ஆன்டெனாவைத் திருப்புகையில் இந்தப் பிழை ஒரு பாகை அளவுதான், அதனால் குடி முழுகிப் போவதில்லை. ஆனால் 10 கிகாஹெர்ட்ஸில் 150 கிலோமீட்டர் தொலைவுக்கு டிஷ்ஷைக் குறிபார்ப்பவருக்குத் திசை இருபது பாகைக்கு மேல் தவறிவிடக்கூடும்; அவரது டிஷ்ஷின் கற்றை சில பாகை அகலமே கொண்டது.

ஆகவே இப்போது லொக்கேட்டரை வந்த வடிவிலேயே சேமிக்கிறேன்; அது காற்றில் கேட்டதா, முகவரிப் பட்டியலிலிருந்து எடுத்ததா, நாட்டின் மையம் என்ற ஊகமா என்பதையும் அதனருகே குறிக்கிறேன். அட்சரேகையும் தீர்க்கரேகையும் தேவைப்படும்போது கணக்கிடப்படுபவை. அவை ஒருபோதும் பதிவுக்குள் திரும்ப எழுதப்படுவதில்லை. பட்டியலில் கிடைக்கும் ஆறு இடக் குறியீடு, கேட்ட நான்கு இடத்தோடு தொடங்கினால் மட்டுமே ஏற்கப்படும். முரண்பட்டால் கேட்டதே நிற்கும், ஏனெனில் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் வீட்டு முகவரி, தொடர்பு கொண்டவர் அன்று மலையுச்சியில் இருந்திருக்கலாம்.

நாட்டு மையங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அழைப்புக்குறியிலிருந்து நாட்டைக் கண்டறியப் பலரும் பயன்படுத்தும் சிடிஒய்.டாட் கோப்பில் மேற்குத் தீர்க்கரேகைதான் நேர்க்குறி; இதை மறந்தால் பிரேசில் கிழக்கே போய்விடும். குறி சரியாக இருந்தாலும், ஆஸ்திரேலியா போன்ற பெருநிலத்தில் மையம் என்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிசகும். இருப்பிடமே தெரியாத பதிவில் சுழியம் எழுதுவது இன்னும் கேடு, ஏனெனில் சுழியம், சுழியம் என்பது கினி வளைகுடாவில் ஜேஜே00ஏஏ என்ற செல்லுபடியாகும் இடம்; அந்தப் புலம் வெறுமையாகவே இருக்கட்டும்.

பழைய பதிவுகளில், மூலச் செய்தி கையில் உள்ளவற்றை அதன்படியே திருத்தினேன். மூலம் இல்லாத ‘எம்எம்’ பதிவுகள் அனைத்தையும் நான்கு இடமாகக் குறைத்துவிட்டேன். உண்மையிலேயே எம்எம் உட்கட்டத்தில் இருக்கும் சிலர் இதனால் இரண்டு எழுத்துகளை இழந்திருப்பார்கள்; அடுத்த தொடர்பில் அவர்களிடமே கேட்டுச் சேர்த்துக்கொள்வேன்.