டின் விசில், நான்காவது மாதம்: செஷனில் உட்கார்ந்த கதை

டப்ளினில் டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். அந்த மாலைகளைக் கழிக்கத்தான் டின் விசில் வாங்கினேன், ஐரிஷ் இசையில் ஊதும் சின்ன உலோகக் குழல். டி சுருதி, ஆறு துளை. இப்போது கைவசம் ஐந்து ஜிக், இரண்டு ரீல்; இரண்டும் ஐரிஷ் நடன மெட்டு வகைகள். ஜிக்கை மனதுக்குள் 'தகிட தகிட' என்று ஓட்டினால் விரல் தானாக உட்காருகிறது. ரீலில் இன்னும் மூச்சு வாங்குகிறது.

பப்பில் இப்படிப்பட்ட மெட்டுகளைக் கூடி உட்கார்ந்து வாசிப்பதுதான் செஷன். முதல் வாரம் டப்ளின் ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் பப்புக்குப் போய்ச் சும்மா கேட்டேன். விசில் கோட்டுப் பையை விட்டு வெளியே வரவில்லை. ஃபிடில், புல்லாங்குழல், அக்கார்டியன் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கூட்டத்தைக் கண்டுகொள்ளாமல் தங்களுக்குள் வாசிக்கிறார்கள். நோட்டேஷன் தாள் கிடையாது. எட்டு பார் (தாள ஆவர்த்தனம் மாதிரி) ஒரு பகுதி, இரண்டு முறை. அடுத்த எட்டு பார், இரண்டு முறை. ஆக 32 பார். அதையே பெரும்பாலும் மூன்று சுற்று, அப்புறம் நிறுத்தாமல் அடுத்த ட்யூனுக்குத் தாவல். இப்படிக் கோத்து வாசிப்பது ஒரு செட். எது அடுத்தது என்று யாரும் அறிவிப்பதில்லை.

இந்த 'பெரும்பாலும்' என்ற வார்த்தைதான் இரண்டாம் வாரம் என்னைக் கவிழ்த்தது. அது வேறொரு சின்னப் பப். உட்காரலாமா என்று கேட்டுக்கொண்டு வட்டத்துக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த கெஷ் ஜிக் வந்ததும் சேர்ந்துகொண்டேன். ஃபிடில்காரர் இரண்டு சுற்றிலேயே புருவத்தைத் தூக்கினாராம், அதுதான் சைகை, எல்லோரும் அடுத்த ட்யூனுக்கு மாறிவிட்டார்கள். நான் மட்டும் மூன்றாவது சுற்றில், மேல் ஸ்தாயியில், தனியாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தேன். செட் முடிந்ததும் அக்கார்டியன் வாசித்த அம்மா, "விரலைப் பார்க்காதீங்க, அவர் முகத்தைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

தெரியாத ட்யூனை மெதுவாக ஊதித் தேடிப் பார்க்கலாம் என்று கை பரபரக்கும். கூடாது. விசிலுக்கு ரகசியக் குரல் கிடையாது. பௌரான் மேளத்துக்கும் இப்படி ஒரு மரியாதை உண்டு: ஒருவர் அடிக்கும்போது இன்னொருவர் எடுப்பதில்லை.

இது காலங்காலமாகப் பப்பில் நடப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். வீட்டு அடுப்பங்கரையிலும் நாற்சந்தியிலும் ஆடுவதற்காக வாசித்த இசை இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போன ஐரிஷ்காரர்கள் அங்குள்ள பப்களில் கூடி வாசித்ததில்தான் இன்றைய செஷன் வடிவம் பிடித்தது என்கிறார்கள். வாடகை அறையில் எங்கே வாசிப்பது? எனக்குப் புரிகிறது, என் மேல்மாடிக்காரர் இரண்டு முறை தரையைத் தட்டிவிட்டார்.

அதன் பிறகு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பயிற்சி. அனுமதி கேட்டுப் பதிவு செய்த ட்யூன்களைச் செயலியில் அறுபது சதவீத வேகத்துக்கு இறக்கிக் கேட்கிறேன்.

மூன்றாம் வாரம் அதே ஸ்டூல். ஃபிடில்காரர் முகத்தையே முறைத்துப் பார்த்து வாசித்தேன், பாவம் அவர். கெஷ்ஷில் சரியாக நிறுத்தினேன். அடுத்த ட்யூன் தெரியாது, விசிலை மடியில் வைத்துக்கொண்டேன். நேற்றுதான் அதன் முதல் எட்டு பார் கைக்கு வந்தது.