நிலைவாசலில் வேப்பிலை

இன்று காலை காரைக்குடியில் உறவினர் வீட்டுக்குப் போனபோது, நிலைவாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. பேரனுக்கு அம்மை போட்டிருக்கிறதாம்.

"உள்ளே வராதீக, முகப்பிலேயே இருங்க" என்று ஆச்சி வளவிலிருந்தே குரல் கொடுத்தார்.

காம்புகளை மஞ்சள் துணியால் கட்டி, தெருவில் போகிறவர் கண்ணில் படும் உயரத்தில் வைத்திருந்தார்கள். எந்த அதிகாரியும் வந்து சொல்லவில்லை. அவர்களாகவே ஊருக்கு அறிவித்திருக்கிறார்கள்.

1897இல் புனேயில் பிளேக் பரவியபோது நடந்தது இதற்கு நேர்மாறு. ராண்ட் என்ற அதிகாரியின் பொறுப்பில் படைவீரர்கள் வீடு வீடாக நுழைந்து சோதனையிட்டு, நோயாளிகளை மருத்துவமனைக்கும் உடனிருந்தோரை முகாம்களுக்கும் கொண்டுபோனதால், மக்கள் நோயையே மறைக்கத் தொடங்கினார்கள். ஜூன் 22 இரவு ராண்ட் சுடப்பட்டார்.

அந்த ஆண்டு இயற்றிய தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020இல் கொரோனா பரவியபோதும் அரசுக்குக் கைகொடுத்தது. தகரம் அடித்து அடைத்த வாசல்களைப் பார்த்தோம். காய்ச்சல் என்று வாய்திறக்கவே பலர் அஞ்சினார்கள்.

விலகியிருப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. 1918 இன்புளுவென்சாவின்போது பள்ளிகளையும் திரையரங்குகளையும் விரைந்து மூடிய அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரின் இறப்பு விகிதம், செப்டம்பர் 28 அன்று பெரும் ஊர்வலம் நடத்திய பிலடெல்பியாவைவிட மிகவும் குறைவு.

ஆனால் ஆச்சியைப் போல எல்லோராலும் கதவடைத்து இருந்துவிட முடியாது. அன்றாடம் கூலிக்குப் போகிறவர் நோயை மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், வீட்டிலிருக்கும் நாள்களுக்கான கூலியும் அரிசியும் அவர் கேட்காமலே வாசலுக்கு வந்தாக வேண்டும்.