குஸ்தார்: 'பிடிக்கும்' போதவில்லை, 'இனிக்கிறது' கைகொடுத்தது

நாள் 1: ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்களை, பிடிக்கும் என்று சொல்ல உதவும் 'குஸ்தார்' என்ற வினை ரொம்பவே குழப்பும். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை மிச்சம். 'மே குஸ்தா எல் கஃபே': மே என்றால் எனக்கு, குஸ்தா பிடிக்கும், எல் கஃபே காபி. 'யோ' (நான்) இங்கே தேவையே இல்லை. உனக்கு என்பது தே, அவனுக்கு அவளுக்கு இரண்டும் லே, நமக்கு எங்களுக்கு இரண்டும் நோஸ், அவர்களுக்கு லேஸ். உச்சரிப்பில் 'குண்டு' என்பதில் வரும் கு. அடுத்து 'ஸ்டா' அல்ல, நாக்கு பல்லைத் தொடும் 'ஸ்தா'.

நாள் 4: தினம் 10 தமிழ் வாக்கியங்களை வாய்விட்டு மாற்றியதில் திரும்பத் திரும்ப வந்த பிழை, எனக்கு மாம்பழங்கள் பிடிக்கும் என்பதற்கு 'மே குஸ்தா லோஸ் மாங்கோஸ்'. சரியானது 'மே குஸ்தான்'. காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. 'மாம்பழத்தைப் பிடிக்கும்' என்னும்போது பழம் செயப்படுபொருள். பழம் ஒன்றானாலும் பத்தானாலும் 'பிடிக்கும்' மாறாது. ஸ்பானிஷில் பழம்தான் எழுவாய்; அது பன்மையானால் வினையும் பன்மையாகும்.

நாள் 5: அதனால் 'பிடிக்கும்' என்பதை விட்டுவிட்டு 'இனிக்கிறது' என்று மனதில் வைத்துப் பார்த்தது. மாம்பழம் எனக்கு இனிக்கிறது: குஸ்தா. மாம்பழங்கள் எனக்கு இனிக்கின்றன: குஸ்தான். நீ எனக்கு இனிக்கிறாய்: மே குஸ்தாஸ். ஒருமை பன்மைப் பிழை அன்றோடு பெருமளவு நின்றது. இந்த வினையின் லத்தீன் மூலத்துக்கும் சுவைப்பது என்றுதான் பொருள்.

'மே குஸ்தாஸ்' என்பதில் கவனம் வேண்டும். அது காதல் தொனி உள்ள பேச்சு. நண்பரையோ ஆசிரியரையோ பிடிக்கும் என்று சொல்ல வேறு வினை: நண்பரிடம் 'மே காஎஸ் பியேன்', மரியாதையாக 'மே காஎ பியேன்'.

நாள் 8: பெயர் வந்தால் இரட்டிப்பு. 'ஆ மரியா லே குஸ்தா எல் சினே', அதாவது மரியாவுக்கு, அவளுக்கு, சினிமா பிடிக்கும். தமிழில் ஒரு 'உக்கு' போதும் என்பதால் 'லே' விட்டுப்போகும். ஆங்கில 'the' போல பெயருக்கு முன் வரும் 'எல்', 'லா', 'லோஸ்' விடுபடுவதும் இப்படித்தான்; நமக்கு அந்தச் சொல்வகையே இல்லை. வினைகளைச் சேர்த்தால் பன்மை கிடையாது: பாடவும் ஆடவும் பிடிக்கும் என்பது 'மே குஸ்தா கந்தார் இ பைலார்'.

நாள் 12: இதே அச்சில் 'தோலேர்', வலித்தல். 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. 'மே துவேலென் லோஸ் பியேஸ்', எனக்குப் பாதங்கள் வலிக்கின்றன. 'என் தலை' என்று சொல்ல இங்கேயும் தேவையில்லை. முன்னால் வரும் 'எனக்கு' அதைச் சொல்லிவிடுகிறது.