முட்களுக்கு நடுவே ஒரு வெள்ளி மீன்

உருண்டையான கடலுயிரியான கடல் முள்ளெலியின் கருத்த, ஊசிபோல் நீண்ட முட்களுக்கு இடையே அசையாமல் நிற்கும் ஒரு வெள்ளி நிற மீனின் காணொளியை நேற்றிரவு திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்காய் கார்டினல் என்ற அந்த மீன் 8 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக வளர்வதில்லை. உடலின் குறுக்கே ஓடும் மூன்று கறுப்புப் பட்டைகள் முட்களின் நிழலோடு கலந்துவிடுவதால், கண் பழகிய பிறகே மீன் எது, முள் எது என்று பிரித்தறிய முடிகிறது.

இந்தோனேசியாவின் சுலாவெசிக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுகளை ஒட்டிய ஆழமற்ற கடலே இதன் பூர்வீகம். அங்கே கடற்புல் படுகைகளிலும் பவளப்பாறைகளிலும், முள்ளெலிகளையும், பூப்போலத் தோன்றும் உயிரிகளான கடற்சாமந்திகளையும் அண்டி இவை சிறு கூட்டங்களாக வாழ்கின்றன.

என்னை நெகிழவைப்பது இதன் தந்தைமை. பெண் இடும் முட்டைகளை ஆண் மீன் வாயில் ஏந்தி, ஏறத்தாழ மூன்று வாரம் இரையே எடுக்காமல் அடைகாக்கிறது. குஞ்சு பொரித்த பின்னும் சில நாட்கள் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது. தாடை புடைத்த அந்த மீன் வாயைச் சற்றே திறக்கும்போது, உள்ளே மின்னும் குட்டிக் கண்கள் தெரிகின்றன. பெரும்பாலான பவளப்பாறை மீன்களின் குஞ்சுகளைப் போல இவை நீரோட்டத்தில் தொலைதூரம் மிதந்து செல்வதில்லை. பிறந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்துவிட்டால், வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை.

1933இல் அறிவியல் பெயர் பெற்ற இந்த மீன் 1994இல் மீண்டும் கவனத்துக்கு வந்ததும், அலங்கார மீன் வணிகம் இதை அள்ளத் தொடங்கியது. 2007இல் அழியும் நிலையில் உள்ள இனமாகப் பன்னாட்டு சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள், தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீன்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். இந்த இனம் தொட்டியில் நன்றாகவே குஞ்சு பொரிக்கிறது.