பதினைந்தாம் அதிகாரத்துக்கு அடுத்த வரி

எங்கள் கல்லூரியில் படித்தவர்களிடம், உயிர்த்தெழுதலைப் பற்றி அங்கே என்ன கற்றீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் ஈஸ்டர் அதிகாலை ஆராதனையைத்தான் முதலில் சொல்லுவார்கள். இருள் பிரியுமுன் ஆலயத்தில் கூடியதையும் அன்று பாடிய கீர்த்தனைகளையும் நானும் மறக்கவில்லை. ஆயினும் அந்த நம்பிக்கைக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை எனக்குக் காட்டியது அந்தப் பண்டிகை நாள் அல்ல. தவணையின் நடுவில், எவரும் அவ்வளவாக விரும்பாத ஒரு நேரத்தில் நடைபெற்ற வேதபாட வகுப்பு. எங்கள் பழைய மாணவர் சங்க மலரின் ஆசிரியர் குழுவினர் இம்முறை சமயமும் வாழ்வும் பற்றி எழுதித் தருமாறு கேட்டபோது, அந்த வகுப்பைத் தவிர வேறெதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் வேதபாட ஆசிரியர், அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசிக்கும் வழக்கமுடையவர். "மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?" என்ற இடத்துக்கு வரும்போது அவருடைய குரல் உயரும். அதிகாரம் முடிந்ததென்று நாங்கள் புத்தகத்தை மூடத் தொடங்குவோம், அவரோ நிறுத்தாமல், அதே குரலில், அதே வேகத்தில், அடுத்த அதிகாரத்தின் முதல் வரியையும் வாசித்துவிடுவார்: "பரிசுத்தவான்களுக்காகச் சேர்க்கப்படும் தர்மப்பணத்தைக்குறித்து..." பின்வரிசையிலிருந்து சிரிப்பு எழும். கல்லறை திறப்பதைப் பற்றிய பேச்சு முடிந்த மாத்திரத்தில் காணிக்கைக் கணக்கு வந்துவிட்டதே என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள்.

அவர் அந்தச் சிரிப்பை எதிர்பார்த்தே வாசித்தார் என்பது பின்னரே எங்களுக்கு விளங்கியது. பவுல் இந்த நிருபத்தை எழுதியபோது அதில் அதிகாரப் பிரிவுகள் இருக்கவில்லை என்றும், இன்று நாம் காணும் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றன என்றும், ஆகவே கொரிந்து சபையில் முதன்முதலாக இந்தக் கடிதத்தைக் கேட்டவர்களுக்கு மரணத்தின் தோல்வியும் எருசலேமின் ஏழைகளுக்கான பணச்சேர்ப்பும் ஒரே பேச்சாகவே காதில் விழுந்திருக்கும் என்றும் அவர் சொன்னார். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் தம்முடைய பிரசங்கம் வீண் என்று நடுவிலே சொல்லும் பவுல், அதிகாரத்தின் இறுதியில், அவர் எழுந்திருப்பதால் உங்கள் பிரயாசம் வீண்போகாது என்கிறார். அந்தப் பிரயாசம் எது என்பதற்கு அடுத்த வரியிலேயே முதல் எடுத்துக்காட்டைத் தருகிறார். அந்தப் பணத்தை வாரத்தின் முதல்நாள்தோறும், அதாவது இயேசு உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கிழமையிலே, அவரவர் தம் வரவுக்குத் தக்கதாகத் தம்மிடத்தில் எடுத்துவைக்க வேண்டுமென்று பவுல் ஒழுங்கு செய்ததையும் ஆசிரியர் சுட்டிக்காட்டுவார். அகாயா நாட்டார் அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள் என்பதை ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் காணலாம். கொரிந்து அகாயாவிலேயே உள்ளது. தம்முள் கட்சி பிரிந்து, ஒருவர்மேல் ஒருவர் வழக்காடிக்கொண்டிருந்த ஒரு சபை, முகமறியாத ஏழைகளுக்காகப் பணம் சேர்த்து அனுப்பியதைவிட, அவர்கள் உயிர்த்தெழுதலை நம்பினார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை என்பது அவருடைய கருத்து. இன்று என் கருத்தும் அதுவே.

தாதியாக நான் பணிபுரிந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை, குணமடைய மாட்டார்கள் என்று தெரிந்த நோயாளிகளைப் பராமரிக்கும் பிரிவிலேயே கழித்தேன். இத்தகைய பராமரிப்புக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ். தாதியாகவும், மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், பின்னர் மருத்துவராகவும் பயின்ற அவர், 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். நோயாளியின் வலியை உடலின் வலியாக மட்டும் பாராமல், மனத்தின் வலியாகவும், உறவுகளின் வலியாகவும், ஆன்மாவின் வலியாகவும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கற்பித்தது. அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையுடையவர் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவம் கைகழுவிய இடத்தில் செய்வதற்கு இவ்வளவு இருக்கிறது என்று கண்டவர், மரணத்துக்கு இறுதிச் சொல்லை விட்டுக்கொடுக்காதவராகத்தான் இருக்க முடியும்.

அந்தப் பிரிவில் நான் கற்ற ஒன்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். கிறிஸ்தவர்களாகிய நம்மிற் பலர், ஆன்மா விண்ணுக்குப் போய்விடும், உடல் வெறும் கூடு என்றே பேசிப் பழகிவிட்டோம். கொரிந்தியருள் சிலரும் ஏறத்தாழ அப்படித்தான் எண்ணினார்கள். பவுல் அத்தனை நீண்ட அதிகாரத்தை எழுத நேர்ந்ததே அதனால்தான். உயிர்த்தெழுவது உடல் என்கிறார் அவர். மாற்றமடைந்த உடல், ஆனாலும் உடல். இதை உண்மையாகவே நம்புகிற ஒருவருக்கு, தானாகத் திரும்பிப் படுக்கக்கூட இயலாத ஒரு முதியவரைத் திருப்பிப் படுக்க வைப்பதும், வறண்ட உதட்டை நனைத்துவிடுவதும், உயிர் பிரிந்த பின் முகத்தைத் துடைத்துக் கண்களை மூடிவிடுவதும் எடுபிடி வேலைகளாகத் தோன்றா. கடவுள் கைவிடப் போவதில்லை என்று நாம் அறிக்கையிடும் ஒன்றை நாமும் கைவிடாமல் இருப்பதே அந்த வேலை.

இது நானாக இட்டுக்கட்டிய விளக்கமன்று. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலெக்சாந்திரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, அந்நகரின் ஆயரான தியோனீசியு, உயிர்த்தெழுதல் பண்டிகை நெருங்கிய வேளையில் தம் சபையாருக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியைச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். நோயுற்றவர்களை விட்டு ஓடாமல் பணிவிடை செய்தவர்கள், இறந்தவர்களைக் கைகளில் ஏந்தி, கண்களையும் வாயையும் மூடி, கழுவி, அடக்கம் செய்தார்கள் என்றும், அவர்களுட் பலர் அந்நோயாலேயே இறந்தார்கள் என்றும் அக்கடிதம் கூறுகிறது. தம் மக்களைப் பற்றி ஓர் ஆயர் புகழ்ந்து எழுதுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். ஏனையோர் நடந்துகொண்ட விதத்தை அவர் கடுமையாகச் சித்திரிப்பதைப் பார்க்கும்போது அந்த எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் ஒரு நூற்றாண்டுக்குப் பின், கிறிஸ்தவத்தை வெறுத்த உரோமப் பேரரசன் ஜூலியன் எழுதியதாக நமக்குக் கிடைத்துள்ள ஒரு கடிதத்திலும் இதே செய்திதான், முறைப்பாடாக வருகிறது: அந்நியருக்குக் காட்டும் அன்பாலும், இறந்தவர்களின் கல்லறைகள்மேல் கொண்ட அக்கறையாலும் இவர்கள் வளர்ந்துவிட்டார்கள்; தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம்முடைய ஏழைகளையும் இவர்கள் தாங்குகிறார்கள் என்று அவர் நொந்துகொள்கிறார். ஒரு சபைக்கு இதைவிட நல்ல நற்சான்றிதழை அதன் சொந்த ஆயர்கள்கூட எழுதிக் கொடுத்ததில்லை.

துக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அழக்கூடாது என்று சாவீடுகளில் அறிவுரை கூறும் பக்தர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். நாங்கள் விடுதியில் இருந்த காலத்தில், எங்கள் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அப்படிப்பட்ட ஒருவர் வந்து நீண்ட நேரம் அவனுக்கு உபதேசித்தார். பின்னர் வந்த எங்கள் வேதபாட ஆசிரியர் ஒன்றும் பேசாமல் அவனுடைய உடைகளை மடித்துப் பெட்டியில் வைத்து, அவன் ஊருக்குப் போகும்வரை கூடவே இருந்தார். இறந்துபோன தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார் என்பதை அவர் வகுப்பில் ஏற்கனவே சொல்லியிருந்தார். அன்று அதைத் திரும்பச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அதே வரலாற்றில் மற்றொன்றையும் அவர் கவனிக்கச் சொல்லுவார். லாசருவை உயிரோடு வரவழைத்தது இயேசுவின் குரல். ஆனால் கல்லை எடுத்துப்போட்டவர்களும், வெளியே வந்தவனுடைய கட்டுகளை அவிழ்த்தவர்களும் அங்கே நின்ற சாதாரண மனிதர்களே. உயிர் கொடுப்பது நம்மால் ஆகாது. கல்லைப் புரட்டுவது ஆகும். புதிதாக வந்த நாட்டில் மொழி தெரியாமல் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் ஒரு தாயாருக்கு மருத்துவமனைப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது இந்தக் கல் புரட்டும் வேலையைச் சேர்ந்தது என்றே நான் கருதுகிறேன்.

மன்னிப்பைப் பற்றி எழுதுவதற்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. ஏனென்றால் இந்த மலரை வாசிக்கப் போகிறவர்களுள், நிர்வாகக் குழுத் தெரிவு ஒன்றில் ஏற்பட்ட மனத்தாங்கலால் இன்றளவும் ஒருவரோடொருவர் பேசாதவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கிளை, எந்த ஆண்டு என்று சொல்ல வேண்டியதில்லை. அநேகமாக எல்லாக் கிளைகளிலும் அப்படி இருவராவது உண்டு. யோவான் சுவிசேஷத்தில், பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றத்தில் கரிநெருப்பின் அருகே நின்று குளிர்காய்ந்துகொண்டே சீஷனான பேதுரு, இயேசுவை அறியேன் என்று மறுதலிக்கிறான். உயிர்த்தெழுந்த பின் திபேரியாக் கடற்கரையில் இயேசு மூட்டி வைத்திருப்பதும் கரிநெருப்பே. அந்தச் சுவிசேஷத்தில் கரிநெருப்பு வருவது இந்த இரண்டு இடங்களில்தான். பேதுருவுக்கு அந்த நெருப்பைக் கண்டதும் எது நினைவுக்கு வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ஆனால் அங்கே அவனுக்குக் கிடைப்பது "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்ற அழைப்பே. சாப்பாடு முடிந்த பின்னரே கேள்வி வருகிறது. அதுவும் ஏன் மறுதலித்தாய் என்ற கேள்வியன்று, என்னில் அன்பாயிருக்கிறாயா என்ற கேள்வி. மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறார். நம் சங்கங்களில் சமாதானம் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் பழைய கூட்டக் குறிப்புகளைக் கையிலெடுத்துக்கொண்டு போகிறார்கள். அதனாலேயே அந்த முயற்சிகள் பலிப்பதில்லை என்பது என் எண்ணம். மனம் நொந்து விலகியவருக்குச் செய்வதற்கு ஒரு வேலையைக் கொடுத்து அழைத்துப் பாருங்கள்.

என் வகுப்பு நண்பர்களுள் பிற சமயத்தவரும் சமய நம்பிக்கையே இல்லாதவரும் இருந்தார்கள். நான் எழுதியிருக்கும் காரியங்கள் சிலவற்றை அவர்கள் என்னிலும் நன்றாகச் செய்வதைக் கண்டிருக்கிறேன். அதனால் என் நம்பிக்கைக்குக் குறைவு வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. "நாம் சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம்" என்று யோவானின் முதலாம் நிருபம் சொல்லும்போது, விசுவாசப் பிரமாணத்தைப் பிழையின்றி ஒப்புவிப்பதை அது அடையாளமாகக் காட்டவில்லை. சந்தேகப்படுகிறவர்களிடமும் இதே அளவுகோலைப் பயன்படுத்தினால் நல்லது. ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றச் சீஷர்கள் சொன்னதைத் தோமா நம்பவில்லை. எட்டு நாட்களின் பின்னும் அவன் அவர்களோடு அதே வீட்டில்தான் இருந்தான் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. நம்பாதவனை அந்த எட்டு நாட்களும் அவர்கள் வெளியே தள்ளவில்லை, அவனும் போய்விடவில்லை. தோமாவின் சந்தேகத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். அவனைத் தங்களோடு வைத்துக்கொண்டிருந்த மற்றவர்களைப் பற்றி ஒன்றும் கேட்ட நினைவில்லை.

எங்கள் கிளையில் சில காலமாக, பராமரிப்பு இல்லங்களிலும் தனி வீடுகளிலும் வாழும் மூத்த பழைய மாணவர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டியலில் உள்ளவர்களைத் தொலைபேசியில் அழைப்பதும், இயன்றபோது நேரில் போய்ப் பார்ப்பதும் எங்களிற் சிலருடைய வேலை. கிழமையைத் தேர்ந்தெடுத்தது நான். காரணத்தை நான் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. நினைவாற்றலை இழந்துவிட்ட ஒருவர், யார் பேசுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். பெயரையும் படித்த ஆண்டையும் ஒவ்வொரு முறையும் சொல்லுவோம். அண்மையில் கூடிய குழுக் கூட்டத்தில், பட்டியலில் இருப்பவர்களுட் பலர் சந்தாப் பணம் கட்டாமல் நெடுங்காலமாகிவிட்டதே, அவர்களை இன்னும் உறுப்பினர்களாகக் கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். சங்க யாப்பின் விதிகளைப் பார்த்தால் கொள்ள முடியாது. சந்தாப் பேரேடு வேறு, இந்தப் பட்டியல் வேறு என்று குறிப்பெழுதிவிட்டு, அந்த வாரத்துக்குரிய பெயர்களைப் பங்கிட்டுக்கொண்டோம்.