உறவுமுறை: துணைவி

போன வருடம் என் துணைவியின் அப்பா இறந்தபோது அவர் கணக்கில் பதினோராயிரம் ரூபாய் இருந்தது. நாமினி போட்டு வைக்கவில்லை. அதை எடுக்க அவள் அம்மா, வாரிசுச் சான்றிதழ் அது இது என்று நாலு மாதம் பாம்பனுக்கும் ராமநாதபுரத்துக்கும் பஸ்ஸில் அலைந்தார். "பொண்டாட்டிக்கே இந்தக் கதி. நான் செத்தா உன்னை யாருன்னு கேப்பாங்க?" என்றாள் அவள். கடலில் பாசி எடுக்கிறவள். விரலில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து முங்குகிற வேலை. விளையாட்டாகக் கேட்கவில்லை.

2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவில், பெண்ணும் பெண்ணுமாக வாழும் எங்களைக் குற்றவாளியாக்கிய பகுதியை நீக்கியது. அந்த வருடம்தான் இருவரும் மண்டபத்தில் ஒரே வீட்டுக்கு வந்தோம். 2023 அக்டோபர் 17-ல், எங்களைப் போன்றவர்களுக்குத் திருமண உரிமையை நீதிமன்றம் தர முடியாது, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று தீர்ப்பு வந்தது. அன்று ராத்திரி வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்துதான், பால்புதுமையர் (எங்களைப் போன்ற தன்பாலின இணையர் உள்ளிட்டோர்) கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று ஒன்றிய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28-ல் அறிவித்தது. (தடை முன்பும் கிடையாது. கவுண்டரில் காட்ட ஒரு காகிதம் வேண்டாமா?)

அதை நகல் எடுத்துக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனோம். "அக்கா தங்கச்சியா?" என்றார் அலுவலர். இல்லை. "அப்ப தோழின்னு எழுதிடலாம்." எனக்கு வாய் வறண்டுவிட்டது. சரி என்றிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அவள்தான், "துணைவின்னு எழுதுங்க சார்" என்றாள்.

மேலாளர் நகலை இரண்டு முறை படித்தார். அப்புறம் திருமணச் சான்றிதழ் கேட்டார். அது இருந்தால் இந்தக் காகிதம் எதற்கு சார் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். மூன்றாவது தடவை போனபோது கணக்கு கிடைத்தது.

கூட்டுக் கணக்குப் படிவத்தில் 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்பதைப் பார்த்து டிக் செய்யுங்கள். 'கூட்டாக' என்று போட்டால் பணம் எடுக்க எப்போதும் இரண்டு கையெழுத்தும் வேண்டும். பாசிக் காசு விழும் அவளுடைய பழைய கணக்குக்கும் என்னை நாமினியாக்கினோம்.

ரேஷன் அட்டையிலும் துணையை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு சொல்லியிருக்கிறது. மனு கொடுத்தோம், பதில் இல்லை.

நாமினி பணத்தை வாங்கலாம், ஆனால் வாரிசுகள் உரிமை கேட்டு வரலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். அதனால் உயிலும் எழுதினோம். பதிவு கட்டாயமில்லை, சாட்சி இரண்டு பேர் போதும். ஒருவர் அவளோடு பாசிக்குப் போகும் அக்கா. இன்னொருவர் கிடைக்கவில்லை. கடைசியில் அவள் அம்மாவிடமே கேட்டோம். எங்கள் வீட்டு வாசல் ஏறாதவர் அவர்.

வந்தார். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "உன் கணக்குக்கு நாமினி போட்டியா?"